அந்தப் புள்ள வெளிய வந்துருமா

"டீச்சர், தனியா பேய்ப் படம் பாக்குறவங்களுக்குப் பயம் வந்தா, யாரக் கூப்பிடுவாங்க?"

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஜெனி என்ற எட்டு வயதுச் சிறுமி என்னிடம் இப்படிக் கேட்டாள். ஆண்டவரைக் கூப்பிடுவார்கள் என்றேன். "அவரு வந்து பக்கத்துல உக்காருவாரா?" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வி சென்ற ஜனவரி ஒன்பதாம் தேதி மாலை என்னிடம் திரும்பி வந்தது. இதை எழுதும் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு சிலுவை தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நேரங்களை மட்டும் அன்றே ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டேன். அந்தத் தாள் இப்போதும் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

என் பெயர் அடைக்கலமேரி. வயது ஐம்பத்து மூன்று. மலைமேல் இருக்கும் செண்பகனூரில், டவுன் பஸ் போகும் சாலைக்குக் கீழே, சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பள்ளிக்கூட வேலை நின்ற பிறகு, முன்பு என்னிடம் படித்த பிரசாந்த் எனக்கு ஒரு வேலை கொடுத்தான். அய்யம்பாளையத்துக்காரன். வெளிநாட்டுப் பேய்ப் படங்களை வாங்கி, தமிழில் பேசவைத்து, யூடியூபில் தன் சேனலில் போடுகிறவன்.

எனக்கோ கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க முடியாது. அதைச் சொன்னேன்.

"நீங்க படமே பாக்க வேணாம் டீச்சர்," என்றான். "கீழ எழுதுறாங்கள்ல, அந்தக் கமெண்ட்ட மட்டும் படிங்க. கெட்ட வார்த்தை இருந்தா தூக்கிருங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா, சனம் என்ன சொல்லுதுன்னு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க. நான் அத வீடியோவுல வாசிச்சுக்கிறேன்."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு. முடிவச் சொல்றவன் எவனா இருந்தாலும் தூக்கிருங்க. முடிவு தெரிஞ்சிட்டா அப்புறம் எவன் பாப்பான்?"

அந்த விதியை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். ஒருநாளும் தவறியதில்லை. அதுதான் என் தவறு.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிரசாந்த் ஒரு புதுப்படம் போட்டான். ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் நாட்டில், கையில் காசில்லாதவர்கள் எடுத்த படம். மூலப் பெயர் அவன் வாயிலேயே நுழையவில்லை. 'பனிக் கசாப்பு' என்று பெயர் வைத்துவிட்டான். பனிக்காட்டில் ஒரு பழைய மாவு மில். வழிதவறி வந்து தங்கும் ஐந்து பேர். கோடரியோடு ஒருவன். இவ்வளவுதான் கதை என்று கமெண்ட்களிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

சனங்கள் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

'இது ரத்தமா, ரோஸ்மில்க்கா?'

'வெட்டுன கைய உத்துப் பாருங்க. ரப்பர். வெரலு வளையுது.'

'பேய விட டப்பிங் குரல் குடுத்தவன்தான் பயமா இருக்கான்.'

'மொக்கப் படம். ஆனா ஜன்னலுக்கு ஆணி அடிச்ச ரூம்ல மாட்டிக்கிட்ட அந்தப் பொண்ணு பாவம்.'

அந்தப் பொண்ணு பாவம் என்று இருபது முப்பது பேராவது எழுதியிருந்தார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு மனசு நிறைந்தது. திட்டவந்த இடத்திலும் யாரோ ஒரு பெண்ணுக்காக இரக்கப்படுகிறார்கள். அதையே அந்த வார அறிக்கையில் முதல் வரியாக எழுதினேன்.

டிசம்பர் பதினைந்து, திங்கட்கிழமை. கடுங்குளிர். நான் வழக்கம்போல ஜன்னல் ஓரத்து மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். என் ஜன்னலுக்கு நேரே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் ஒரு பங்களா. வெளியூர்க்காரர்களுடையது. வருடத்தில் நாலு நாள் வருவார்கள். மற்ற நாட்களில் பின்பக்கத்துக் காவல்காரர் அறையில் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். இருட்டினால் எனக்கு அந்த விளக்குதான் துணை. அதன் கீழே யார் இருக்கிறார் என்று நான் ஒருநாளும் போய்க் கேட்டதில்லை.

அன்று இரவு 7.52க்கு ஒரு கமெண்ட் வந்தது. பெயர், செல்லப்பாண்டி பாச்சலூர்.

'தனியா காவலுக்கு இருக்கேன். குளுரு தாங்கல. யாராச்சும் இப்ப இந்தப் படத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?'

பாச்சலூர் என்றதும், அட, நம் மலைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வணக்கம் போட்டிருக்கலாம். போடவில்லை. கெட்ட வார்த்தை இல்லை என்பதால் அடுத்ததற்குப் போய்விட்டேன்.

8.31க்கு மறுபடி அவர்.

'முக்காவாசி பாத்துட்டேன். தல வலிக்குது. பயமாவும் இருக்கு. அந்தப் புள்ள கடைசியில வெளிய வந்துருமா? யாராச்சும் சொல்லுங்க.'

8.33க்குத் தமிழ்மதி என்றொரு பெண் பதில் எழுதினாள். 'வந்துரும்ணே. பயப்படாமப் பாருங்க.'

முடிவைச் சொல்லிவிட்டாள்.

8.34க்கு அந்தப் பதிலை நான் நீக்கினேன்.

8.50க்கு அவரிடமிருந்து ஒரு வரி.

'யாரும் இல்லையா.'

நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு மடிக்கணினியை மூடினேன். எதிர்ச்சரிவில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் வெள்ளென எழுந்து, கிறிஸ்துமஸுக்குத் திண்டுக்கல்லில் உள்ள தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஜனவரி ஐந்தாம் தேதிதான் திரும்பினேன். வந்த அன்று இரவு எதிர்ச்சரிவு இருட்டாக இருந்தது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஆறாம் தேதியும் இருட்டு. ஏழு, எட்டு... இருட்டு.

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. அறிக்கை அனுப்ப வேண்டிய நாள். மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிட்டது. 5.20க்குக் கரண்ட் போனது. கணினியில் இரண்டு மணி நேரத்துக்கு பாட்டரி இருந்தது. போனில் நெட் இருந்தது. ஹீட்டர் மட்டும் இல்லை. விரல்கள் விறைத்துக்கொண்டன.

வெளியே கும்முட்டி அடுப்பில் கரி போட்டு, தணல் சிவந்ததும் உள்ளே கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டேன். இங்கே எல்லோரும் செய்வதுதான். கதவைச் சாத்தினேன். ஜன்னல் இடுக்கில் குளிர் வந்தது. பழைய துணியைச் சுருட்டி இடுக்கை அடைத்தேன். என் கணவர் இருந்தால் திட்டியிருப்பார். திட்ட ஆள் இல்லை.

5.55க்கு எழுத ஆரம்பித்தேன். அறை கதகதப்பாக இருந்தது. தங்கை வீட்டிலிருந்து திரும்பிய பிறகு முதன்முறையாக உடம்புக்கு இதமாக இருந்தது.

6.10க்கு ஒரு கமெண்ட் வந்தது.

'ஜன்னலத் திறங்க.'

ஆணி அடித்த ஜன்னலுக்குள் இருக்கும் அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முடிவு அதுதான் போலிருக்கிறது என்று தோன்றியது. விதிப்படி நிறுத்திவைத்தேன். யார் எழுதியது என்று பார்க்கவில்லை.

6.14.

'ஜன்னலத் திறங்க.'

அதையும் நிறுத்திவைத்தேன். நெற்றியில் லேசாக வலி. குளிர்தான் காரணம் என்று மப்ளரைத் தலையில் இறுக்கிக் கட்டினேன்.

எழுதிய வரியைத் திரும்பப் படித்தேன். ஒரே வரியை மூன்று முறை எழுதியிருந்தேன். அந்தப் பொண்ணு பாவம். அந்தப் பொண்ணு பாவம். அந்தப் பொண்ணு பாவம்...

அழிக்க வேண்டும் என்று தோன்றியது. விரல் நகரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாகப் பனிமூட்டம். அதன் நடுவே ஒரு மஞ்சள் பொட்டு.

விளக்கு.

வந்துவிட்டார் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. சாலை விளக்கு இல்லை. தேவாலய விளக்கு இல்லை. அந்த ஒன்று மட்டும்...

6.21.

'டீச்சர். ஜன்னலத் திறங்க.'

இந்த முறை பெயரைப் பார்த்தேன். செல்லப்பாண்டி பாச்சலூர்.

சேனலில் என் பெயர் எங்கும் கிடையாது. நான் டீச்சர் என்று அங்கே எவருக்கும் தெரியாது.

6.22.

'தல வலிக்குதா.'

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

தூக்கம் வந்தது. இனிமையான தூக்கம். ஐந்து நிமிடம் மேசையில் சாய்ந்து கொள்ளலாம்...

சாய்ந்தேன்.

டக்.

ஜன்னலில்.

டக். டக்.

என் ஜன்னலுக்கு வெளியே நிற்க இடம் கிடையாது. கீழே பதினைந்தடிப் பள்ளம். அதற்குக் கீழே ஓடை.

டக். டக். டக்.

"யாரு?"

கண்ணாடியின் அந்தப் பக்கம் வட்டமாக ஈரம் படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினேன். அடுத்த வார்த்தை மறந்துவிட்டது. ஐம்பது வருடமாகச் சொல்லும் ஜெபம்.

எழுந்தேன். கால் மடங்கியது. விழுந்தேன். தவழ்ந்து போனேன்.

துணியை உருவினேன்.

கொக்கியில் கை வைத்தேன். அது கடுங்குளிராக இருந்தது. இரும்பின் குளிர் இல்லை அது... வேறொரு கை ஏற்கெனவே அதன்மேல் இருந்ததுபோல.

இரண்டு கையும் சேர்ந்து இழுத்தது போலிருந்தது.

திறந்தது.

காற்று.

ஜன்னல் கட்டையில் தலையைச் சாய்த்து வெகுநேரம் கிடந்தேன். வாந்தி எடுத்தேன். தலை தெளியத் தெளிய விஷயம் புரிந்தது. மூடிய அறை. கரித்தணல் கக்கும் விஷவாயு. இன்னும் கால்மணி நேரம் சாய்ந்திருந்தால் எழுந்திருக்கமாட்டேன். வெளியே யாரும் இல்லை. எதிர்ச்சரிவில் விளக்கும் இல்லை. 7.34க்குக் கரண்ட் வந்தது. உடனே பிரசாந்தின் போன்.

"டீச்சர், அறிக்கை எங்க?"

"முடியலப்பா. மேலுக்குச் சரியில்ல."

"சரி, பாத்துக்கங்க. ஆமா, ரெண்டு கமெண்ட்ட நிறுத்தி வச்சிருக்கீங்க. அதுக்கப்புறம் அதே ஆளு இன்னும் ரெண்டு போட்டிருக்கான். டீச்சர்னு எழுதுறான். ஒங்களத் தெரிஞ்ச ஆளா?"

என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தவை அல்ல அவை. அங்கே இருந்தன. நான்கும் இருந்தன.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு பென்சன் என்பவரிடம் கேட்டேன். ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் பகுதியில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"பென்சன், அந்தப் பங்களா வாட்ச்மேன் திரும்பி வந்துட்டாரா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்? ஊர்ல இல்லயில்ல நீங்க. அவரு செத்து மாசம் ஆகப்போகுதே."

"யாரு?"

"பாச்சலூர்க்காரரு. செல்லப்பாண்டி. கும்முட்டிய உள்ள வச்சிட்டு, கதவச் சாத்திட்டுப் போன்ல படம் பாத்துருக்காரு. பதினஞ்சாந் தேதி ராத்திரி. ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஆளுக போயிப் பாத்தாக."

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"கடைசியில எந்திரிச்சு ஜன்னல் வரைக்கும் போயிருக்காரு டீச்சர். கை கொக்கியிலயே கெடந்துச்சாம். திறக்கத் தெம்பு பத்தல." எதிர்ச்சரிவைப் பார்த்தபடி, "ஒருத்தன் ஒரு குரல் குடுத்திருந்தா முழிச்சிருப்பாரு. யாரு இருக்கா இங்க?" என்றார்.

நான் இருந்தேன். ஓடைக்கு இந்தப் பக்கம். அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டு, அவர் எழுதியதைப் படித்துக்கொண்டு.

அவருடைய போனில் யாரோ விளையாடுகிறார்களோ என்று ஒரு சந்தேகம் எனக்கு மிச்சமிருந்தது. உண்மையில், அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பென்சன் மூலம் நம்பர் வாங்கி, திருப்பூரில் இருக்கும் அவர் மகள் சுகன்யாவிடம் பேசினேன். பேசவே தயக்கமாக இருந்தது.

"அப்பா போனாங்கம்மா?" என்றாள் அந்தப் பெண். "போலீஸ்ல இருந்து அப்பவே குடுத்துட்டாங்க. அப்பாவுக்கு அதுன்னா உசுரு. தனியா இருந்த மனுசன், அது ஒண்ணுதான் அவருக்குத் தொண. அதனால..."

"அதனால?"

"பாச்சலூர்ல அடக்கம் பண்ணயில, சிம்மோட அப்பா கையிலயே வச்சுப் பொதச்சுட்டோம்மா. டிசம்பர் பதினெட்டு."

நான் போனை வைத்துவிட்டேன். இதற்கு மேல் எனக்கு எந்த விளக்கமும் தெரியாது. பங்குச்சாமியாரிடமும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் தெரியும். கடைசிவரை தனக்குத் திறக்காத ஒரு கொக்கியை அந்த மனிதர் எனக்குத் திறந்துவிட்டார். அவர் கேட்டதோ ஒரே ஒரு கேள்வி. அதற்கு வந்த பதிலையும் நான் பிடுங்கிவிட்டேன்.

தமிழ்மதியின் பதிலைத் தேடினேன். நீக்கியது நீக்கியதுதான். திரும்பவில்லை. பதிலை நானே சொல்லவேண்டும். சொல்வதற்கு முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை பகலில், ஜன்னல் கதவுகள் இரண்டையும் திறந்துவைத்து, 'பனிக் கசாப்பு' படத்தை முதலிலிருந்து பார்த்தேன். ஒரு மணி முப்பத்து நான்கு நிமிடம். கண்ணை ஓரிடத்திலும் மூடவில்லை. மூடினால் ஏமாற்றுவதாகும் என்று தோன்றியது. சனங்கள் சொன்னது சரிதான். ரப்பர் விரல் வளைந்தது. ரத்தம் ரோஸ்மில்க் நிறத்தில்தான் இருந்தது. ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதிக்கு மேல் அந்தப் பெண்ணின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைத்தான் பார்த்திருப்பார்.

மாலை 4.10க்கு ஓடைப் பாலத்தைத் தாண்டி அந்தப் பங்களாவுக்குப் போனேன். புது ஆள் இன்னும் வரவில்லை. பின்பக்கத்து அறை பூட்டியிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடி சுத்தமாக இருந்தது. உள்ளே ஒரு கயிற்றுக்கட்டில், ஆணியில் ஒரு குல்லா. அங்கிருந்து பார்த்தால் என் ஜன்னல் நேராகத் தெரிந்தது. நான் உட்காரும் நாற்காலிகூடத் தெரிந்தது.

கண்ணாடியில் மெதுவாகத் தட்டினேன். மூன்று முறை.

"அண்ணே, எதுத்த வீட்டு மேரி டீச்சர் வந்துருக்கேன். அன்னைக்கு ஒங்களுக்குப் பதில் வந்துச்சு. நாந்தான் தூக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க."

பிறகு, அவர் பார்த்து நிறுத்திய இடத்திலிருந்து கதையைச் சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன். அவள் உடைந்த கரண்டியால் ஆணியை நெம்புவதை. ஒன்று கழன்று விழுவதை. கோடரிக்காரன் படியேறி வருவதை. இரண்டாவது ஆணியை.

சொல்லச் சொல்ல, ஜன்னல் கண்ணாடியில் வட்டமாக ஈரம் படிந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. ஈரம் உள்பக்கம் இருந்தது.

எனக்குப் பயமாக இல்லை.

"வெளிய வந்துருச்சுண்ணே," என்றேன். "ஜன்னல் வழியாத்தான். வெளிய நல்லா விடிஞ்சிருந்துச்சு. பனியில நின்னு மூச்ச இழுத்து விட்டுச்சு அந்தப் புள்ள. அம்புட்டுதான் கதை. நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

கண்ணாடியில் ஈரம் ஒருமுறை பெரிதாகப் படிந்தது. மெல்லச் சுருங்கியது. பிறகு படியவில்லை.

படத்தில் அதற்குப் பிறகு இன்னும் இருபது நொடி இருக்கிறது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு நிழல் எழும். தமிழ்மதி அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.